கிணற்று முறையும் கோபமும்

ஐயா,

பொங்கலூர் பக்கம் தென்னந்தோப்பும் நாலு தறியும் வைத்திருக்கிறேன். கிணறு எனக்கும் பெரியப்பா மகனுக்கும் பொது. என் முறை ராத்திரியில் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிடுகிறார். கேட்டால் வாயில் வராத வார்த்தையில்லை. பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. தறி ஓடும்போதுகூட மனசுக்குள் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி கோயமுத்தூருக்குக் கார் ஓட்டிப்போனவரும் இவர்தான். அதை நினைத்தால் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. பௌத்தம் கோபத்தை விடச் சொல்கிறது என்று எழுதுகிறீர்கள். விட்டால் தண்ணீரும் போய்விடுமே?

அன்புள்ள நண்பருக்கு,

தண்ணீரை விட வேண்டாம். அது உங்கள் பாத்தியம். பெரியவர்களை வைத்தோ, தேவைப்பட்டால் கோர்ட்டுக்குப் போயோ கேட்டு வாங்குங்கள். விட வேண்டியது தறியடியில் நீங்கள் நடத்தும் அந்த வாதத்தை. ‘வைதான், அடித்தான், வென்றான், பறித்தான்’ என்று நினைத்துக்கொண்டே இருப்பவனுக்குப் பகை அடங்காது என்கிறது புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதத்தின் 3ஆம் பாட்டு. அண்ணன் மோட்டாரை நிறுத்திய பிறகும் உங்களுக்குள் வாதம் ஓடுகிறது. அதனால் தோப்புக்கு ஒரு சொட்டும் பாய்வதில்லை.

இந்த நிலையில் இருப்பவரிடம் ‘எல்லாரையும் நேசி’ என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. புத்தரின் போதனைகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயத்தில், அவருடைய முதன்மைச் சீடர் சாரிபுத்தர் கோபத்தைத் தணிக்க ஆளுக்குத் தக்கபடி ஐந்து வழி சொல்கிறார். செயலும் சொல்லும் கெட்டிருந்து, எப்போதாவது மனம் தெளிகிறவர் ஒருவகை. அதற்கு அவர் தரும் உவமை: வெயிலில் நாவறண்டு ஒருவன் நடந்து வருகிறான். மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. கையால் மொண்டாலும் பாத்திரத்தால் மொண்டாலும் கலங்கிவிடும். அதனால் கையையும் காலையும் ஊன்றி, மாடு போலக் குனிந்து உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போகிறான்.

வானம் பார்த்த மேட்டாங்காட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவன் குனிவது தன் தாகத்துக்காக. அண்ணன் கார் ஓட்டிய ராத்திரிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் தண்ணீர். ‘அப்படி இருந்தவர் இப்படிச் செய்கிறாரே’ என்று நீங்களே அதைக் கலக்குகிறீர்கள். ஆத்திரம் ஏறும்போது அந்த ராத்திரியை மட்டும் நினையுங்கள். கிணற்றுப் பேச்சை அதோடு சேர்க்காதீர்கள்.

இதுவும் பலிக்காவிட்டால் எதிராளிக்கு ஏதாவது கொடு என்கிறார், விசுத்திமக்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர். சித்தலபர்வத விகாரையில் ஒரு பிக்குவை மூத்த துறவி ஒருவர் மூன்று முறை இருப்பிடத்தைவிட்டு எழுப்பிவிட்டார். தன் தாய் கொடுத்த, எட்டுக் காசு பெறும் பாத்திரத்தை அந்தப் பிக்கு அவருக்கே கொடுத்தார். கழித்துப்போட்டதை அல்ல, தாய் தந்ததைக் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குலதெய்வக் கோயில் நோம்பிக்கு இரண்டு வீடும் வரும்தானே? தோப்பில் நல்ல குலையாகப் பார்த்து வெட்டி, அண்ணன் கையில் நீங்களே கொடுங்கள். வாங்காமல் போனாலும் அன்றைக்குத் தண்ணீர்ப் பேச்சை எடுக்காதீர்கள். முறையை எழுதிக் கையெழுத்துப் போடும் வேலையைப் பத்து நாள் கழித்து, வயதில் மூத்த பங்காளி ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.