பொம்பா அண்ணனிடம் கேட்டவை: நடைவழியில் ஓடும் தீ

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் கடைவீட்டு மாடிகளில் குடியிருக்கும் சிலர், நடைவழியில் தீ எப்படிப் பரவுகிறது என்று கேட்டிருந்தார்கள். பொம்பாவில், அதாவது தீயணைப்புத் துறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன.

அண்ணே, அறைக்குள் பிடித்த தீ நடைவழி சீலிங்கில் ஏன் ஓடுகிறது?

கோயில் அன்னதானத்தில் அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். அண்டாவை ஏற்றியதும் மேலே போக வழியில்லாத தீ, அடிப்பக்கம் பூராவும் படர்ந்து விளிம்பு வழியாக எட்டிப் பார்க்கும். சீலிங்கும் ஓர் அண்டாதான். பெரிய மண்டபமென்றால் சூடான புகை நாலாபக்கமும் பரவி ஆறிவிடும். நடைவழியில் இருபுறமும் சுவர், அதற்கு இரண்டே திசை. ஒரு முனை அடைபட்டிருந்தால் ஒரே திசை. அப்புறம், மேலே சீலிங் மறிப்பதால் தீக்குக் கீழிருந்துதான் காற்று கிடைக்கும். எரிந்து முடியாத வாயு காற்றைத் தேடிக்கொண்டே போவதால் தீ நாக்கு நீளமாகிறது.

எங்கள் சீலிங் சிமெண்ட் பலகை. பயமில்லைதானே?

பலகை எரியாது, சரி. எரிவது புகையாயிற்றே! பிளைவுட், நுரைப் பலகை என்றால் இன்னும் மோசம். ஒருமுறை ஒரு மாடிக்குத் தீயணைத்த பிறகு போனேன். சுவரில் பிளாஸ்டிக் கடிகாரம் உருகி வழிந்திருந்தது. நேர் கீழே வரிசையாக இருந்த ஜப்பான் சிலிப்பர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே அடுப்பு, கீழே வெறும் கரி வாடை.

பழைய தோட்ட லயத்தில், அந்த ஒட்டு வரிசை வீடுகளில், தீ நாலு வீடு தாண்டுகிறதே?

வீட்டுச் சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டால், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் எல்லா வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரர் புகையைப் பார்க்கும்போது தீ அவர் தலைக்கு மேல் வந்திருக்கும்.

படிக்கட்டில் எப்படி?

சரிவென்றால் இன்னும் வேகம். 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில், மர மின்படிக்கட்டில் தீப்பிடித்து 31 பேர் இறந்தார்கள். இருபக்கமும் மறைத்த சரிவில் தீ எழும்பி நிற்காமல் படிகளோடு படுத்து மேலேறியது என்பதை அதற்குப் பிறகுதான் ஆராய்ந்து கண்டார்கள்.

புகை அலாரத்தை எங்கே மாட்டுவது?

சீலிங்கில், சுவரும் சீலிங்கும் கூடும் மூலையை விட்டுத் தள்ளி. அந்த மூலைக்குப் புகை தாமதமாகத்தான் வரும்.

தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய?

எரியும் அறையை விட்டு வெளியே வரும்போது கதவைச் சாத்துங்கள். ஐயா, இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். திறந்த கதவு வழியாகத்தான் நடைவழிக்குத் தீ வருகிறது. குனிந்து அல்ல, தவழ்ந்து போங்கள். வெளியே வந்து 999-க்கு அழையுங்கள்.

மோட்டாரைப் படிக்கட்டு அடியில் நிறுத்தலாமா? வெளியே மழை.

கூடாது தம்பி. டாங்கியில் எண்ணெய் இருக்கிறது, மேலே படிக்கட்டு இருக்கிறது, அதற்கும் மேலே உங்கள் அம்மா தூங்குகிறார். சீட்டை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி வெளியே விடு.