ஷார்ட்கட் பட்டியலை மனப்பாடம் செய்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா.

பிளஸ் டூ முடித்த மகனை மூன்று மாத போட்டோஷாப் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். அவன் வீட்டுக்கு வந்து ஷார்ட்கட் கீகளின் பட்டியலை வாய்விட்டு ஒப்பிக்கிறான். போதாக்குறைக்கு உறவினர் ஒருவர், "இப்பல்லாம் ஒரு பட்டனைத் தட்டினால் பின்னணி தானே போய்விடுகிறது, இதற்கா காசு கட்டுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். உங்கள் கலக்கம் புரிகிறது.

உறவினர் சொன்னதில் பாதி உண்மை. 'செலக்ட் சப்ஜெக்ட்' என்ற வசதி 2018-லேயே போட்டோஷாப்பில் வந்துவிட்டது. வெறும் சுவர் முன்னால் நிற்கும் ஆளை அது நொடியில் பிரித்துக் கொடுத்துவிடும். அந்த அளவு வேலை மட்டும் தெரிந்தவருக்கு இனிமேல் சம்பளம் கிடைப்பது கஷ்டம்தான்.

ஆனால் ஸ்டூடியோவுக்கு வரும் கல்யாணப் படங்கள் அவ்வளவு சமர்த்தாக இருப்பதில்லை. மணப்பெண்ணின் கறுப்புக் கூந்தலுக்குப் பின்னால் இருட்டு மண்டபம். வெள்ளை மல்லிகைச் சரத்துக்குப் பின்னால் வெள்ளைத் திரை. நெட் துப்பட்டா வழியாகப் பின்னால் நிற்பவரின் சட்டை தெரியும். தானியங்கி வசதி தடுமாறுவது இங்கேதான். அது விட்டுவைத்த ஓரத்தைச் சரிசெய்யத் தெரிந்த கைக்குத்தான் காசு.

அதனால் அவனிடம் 'எந்தக் கீ எதற்கு' என்று கேட்காதீர்கள், 'எந்தப் படத்துக்கு எந்த டூல், ஏன்' என்று கேளுங்கள். மேஜிக் வாண்ட் என்ற டூல் நிறத்தைப் பார்த்துப் பிடிக்கும். அதன் டாலரன்ஸ் 0 முதல் 255 வரை போகும், வழக்கமாக 32-இல் நிற்கும். எண்ணைக் கூட்டினால் பக்கத்து நிறங்களையும் அள்ளிக்கொள்ளும். சீரான வானத்துக்கு அது போதும், கூந்தலுக்கு ஆகாது. கூந்தலுக்கு, ஓரத்தை நுணுக்கமாகப் பிரிக்கும் 'செலக்ட் அண்ட் மாஸ்க்'. பாட்டில், வளையல், செருப்பு மாதிரி ஓரம் கூர்மையான பொருளுக்கு, ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் பென் டூல். முதல் வாரம் அது எரிச்சலைக் கிளப்பும், பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். உங்கள் மகன் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் விற்பனைப் படங்களில் அதற்கு நிறைய வேலை உண்டு. அமேசானில் ஒரு பொருளின் முதன்மைப் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதே விதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னணியை அழித்துத் தள்ளுகிறானா, மாஸ்க் போட்டு மறைக்கிறானா? அழித்தது, ஃபைலை மூடிய பிறகு திரும்பாது. வாடிக்கையாளர் மறுநாள் வந்து "அந்தப் பூவைக் காணோமே" என்றால், மாஸ்க் போட்டவன் ஒரு நிமிடத்தில் மீட்டுவிடுவான்.

ஷார்ட்கட்டுக்கு வருவோம். டைப்ரைட்டிங் லோயர் படித்தவர்கள் எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒப்பித்துப் பழகவில்லை, அடித்து அடித்துத்தான் பழகினார்கள். இதுவும் அப்படித்தான். வலக்கை மவுஸில், இடக்கை கீபோர்டில். ஆரம்பத்தில் கொஞ்சம் போதும்: ஷிஃப்டைப் பிடித்தால் புதிதாகத் தொடும் இடமும் தேர்ந்த பகுதியில், அதாவது செலக்‌ஷனில் சேரும், ஆல்ட் பிடித்தால் கழியும். கண்ட்ரோல்-டி செலக்‌ஷனை விடுவிக்கும், கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஐ அதைத் தலைகீழாக்கி மீதிப் பகுதியைத் தேரும், கண்ட்ரோல்-ஜே தேர்ந்த பகுதியைப் புது லேயரில், அதாவது படத்தின் மேல் தனி அடுக்கில், வைக்கும். சதுர அடைப்புக்குறிக் கீகள் இரண்டும் பிரஷ்ஷைச் சிறிதாக்கிப் பெரிதாக்கும். மற்றவை வேலையில் தானாக வரும்.

பட்டியல் எந்த வெர்ஷனுக்கானது என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். பழைய வெர்ஷன்களில், செய்ததை ரத்துசெய்யும் கண்ட்ரோல்-இசட் ஒரு படிதான் பின்னால் போகும், மறுபடி அழுத்தினால் பழையபடி முன்னால் வந்துவிடும். 2018 அக்டோபரில் வந்த வெர்ஷனிலிருந்துதான் அழுத்த அழுத்தப் பின்னால் போகிறது. சிறிய ஸ்டூடியோக்களில் பழசே ஓடிக்கொண்டிருக்கலாம், முதல் நாளே முழிக்க வேண்டாம்.

வீட்டில் சாஃப்ட்வேர் வாங்க வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். திருட்டுக் காப்பி வேண்டாம். ஃபோட்டோபீ என்ற சாஃப்ட்வேர் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும், கீகளும் பெரும்பாலும் போட்டோஷாப் மாதிரியே. கிம்ப்பும் இலவசம்தான், ஆனால் அதன் கீகள் வேறு. கையால் வரைந்து பகுதியைத் தேரும் லாசோ டூல் போட்டோஷாப்பில் எல் அழுத்தினால் வரும், கிம்ப்பில் அதற்கு எஃப். கற்கும் காலத்தில் இரண்டையும் கலந்தால் கை குழம்பும்.

வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆல்பம் வேலையை மட்டும் நம்பினால் ஆடியிலும் மார்கழியிலும் கை காயும். செலக்‌ஷன் தெரிவது உள்ளே நுழைய உதவும், அதோடு நிறத் திருத்தமும் அச்சுக்கு ஃபைல் தயாரிப்பதும் சேர வேண்டும். அவனுக்கு அச்சில் ஆர்வம் வந்தால், சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் டிப்ளமா இருக்கிறது. அவன் பிளஸ் டூவில் எடுத்த பிரிவுக்கு நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த தவணை கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் தலை நிறையப் பூ வைத்த ஒருவர் படத்தைக் கொடுத்து, பின்னணியை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதை ஒரு முறை வெள்ளை மேலும், ஒரு முறை அடர் சிவப்பு மேலும் வைத்துக் காட்டட்டும். முடி ஓரத்தில் பழைய பின்னணியின் கோடு தெரிந்தால், அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யக் கேட்கட்டும். அவர் உட்கார்ந்து செய்து காட்டினால் பணத்தைக் கட்டுங்கள். மறுபடியும் பட்டியலையே நீட்டினால் வேறு இடம் பாருங்கள்.