வாடகை வீடு: உறுதி யாருடைய பெயரில்?

கேள்வி: கல்லடியில் இரண்டு அறை வீடொன்று பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கிறார். எழுத்தில் எதுவும் வேண்டாமாம், "நம்பிக்கைதானே" என்கிறார். ஸ்கொட்லாந்தில் இருக்கும் அக்கா, அங்கே வாடகைக்கு விடுபவர்கள் தங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொல்கிறார். இங்கும் அப்படி உண்டா?

பதில்: இலங்கையில் இல்லை. ஆனால் அக்கா சொல்வது சரிதான். ஸ்கொட்லாந்தில் 2006 முதல் வீட்டுக்காரர் தன் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும். அந்தப் பதிவை எவரும் தேடிப் பார்க்கலாம். வேல்ஸில் 2015 இல் இதே மாதிரி ஒன்று வந்தது. தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே பதிய வேண்டியது வாடகை ஒப்பந்தத்தை.

நம் பக்கத்தில் பதிவு என்றாலே குடியிருக்க வருபவரைப் பதிவதுதான். பொலிஸுக்கு விபரம், கிராம உத்தியோகத்தருக்கு விபரம், எல்லாம் நாம்தான் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்காரர் யார் என்று யாரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் வீடு, காணிக்கான சோலை வரிக்காக எந்த வீடு யாருடையது என்று மாநகர சபை எழுதித்தான் வைத்திருக்கிறது. வாடகைக்கு விட்ட வீடா என்று அதில் ஒரு நிரலைச் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது என்பது என் எண்ணம்.

அது வரும்வரை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். முதலில் உறுதியை, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தை, பாருங்கள். மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. வாடகை பேசுபவர் தகப்பன், உறுதி கனடாவில் இருக்கும் மகளின் பெயரில் என்பது இங்கே சர்வசாதாரணம். தகப்பன் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு மகளோ மருமகனோ வந்து "நாங்கள் வாடகைக்கு விடவே இல்லையே" என்றால் உங்கள் ஒரு வருடக் காசு எங்கே நிற்கும்? உறுதியின் பிரதியை வாங்கி, உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவர் மூலம் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அவர் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். முத்திரை ஒட்டிய கடதாசியில் சமாதான நீதவானின் சீல் குத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டம். அப்படி எழுதாவிட்டால் ஒரு வருடத்துக்குக் காசு கட்டியிருந்தாலும் உங்களுடையது மாத வாடகைதான்.

முற்பணத்துக்கும் சட்டம் இருக்கிறது. 1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. ஆனால் 1980 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண்டுக்குப் பின் கட்டிய வசிப்பிடங்களை விலக்கிவிட்டது. கல்லடியில் சுனாமிக்குப் பிறகு எழும்பிய வீடுகள்தான் எத்தனை! பாதுகாப்பு பழைய வீடுகளோடு நின்றுவிட்டது. கடைசியாக 2023 இல் வந்த சட்டமோ, குத்தகை முடிந்ததும் வீட்டைச் சுருக்க வழக்கு முறையில் விரைவாக மீட்டெடுக்க வீட்டுக்காரருக்கு வழி செய்தது.

ஆகவே பேரம் பேசுங்கள். மூன்று மாதம் முற்பணம், மிச்சம் மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு. சாவி வாங்கும் நாளில் கரண்ட் மீட்டரைப் படம் எடுங்கள், பழைய லைட் பில்லில் நிலுவை இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் ஒத்துவராதவர் என்றால் வேறு வீடு தேடுவதே நல்லது.

கேள்வி: கல்முனையில் பழைய வீடொன்றில் நெடுங்காலமாக வாடகைக்கு இருக்கிறேன். மகளுக்குக் கல்யாணம், எழும்புங்கள் என்று சொன்ன வீட்டுக்காரர் இப்போது வாடகையை வாங்க மறுக்கிறார். பூட்டை மாற்றப் போவதாகவும் சொல்கிறார்.

பதில்: வாடகையை வாங்காமல் விடுவது பழைய தந்திரம். நிலுவை ஏறினால் அதையே காரணமாகக் காட்டலாம் அல்லவா? வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடென்றால், வாடகையை உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் கட்டலாம். மாநகர சபையில் கேளுங்கள், கட்டியதும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பூட்டை மாற்ற அவருக்கு உரிமையில்லை. எழுப்புவதென்றால் நீதிமன்றக் கட்டளையோடுதான். மீறிப் பூட்டினால் அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் வழக்குப் போனால் நீதவான் உங்களைத் திரும்பக் குடியேற்றலாம். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் வழக்கு நீதிமன்றம் போயிருக்க வேண்டும். பேசித் தீர்ப்போம் என்று யாராவது நாளைக் கடத்தினால் அந்த இரண்டு மாதத்தை மறந்துவிடாதீர்கள்.

கல்யாணம் உண்மையாகவும் இருக்கலாம். வீடு தன் குடும்பத்துக்குத் தேவை என்பது சட்டம் ஏற்கும் காரணம். ஆறு மாதத் தவணை கேட்டு மத்தியஸ்த சபையில் பேசிப் பாருங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.