உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தலாமா?

கேள்வி: அம்மாவின் இன்சுலின் பாட்டில் தவறுதலாக ஃப்ரீசருக்குள் போய் உறைந்துவிட்டது. இப்போது உருகிப் பழையபடி தெளிவாக இருக்கிறது. பயோகெமிஸ்ட்ரி படிக்கும் என் மகன், "குளிரில் அமினோ அமில வரிசை மாறாது, போடலாம்" என்கிறான். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் சர்க்கரையை அடிக்கடி பார்த்து, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மகன் சொன்ன தகவலில் பிழை இல்லை, முடிவில்தான் பிழை. இன்சுலின் ஒரு புரதம். அதில் சங்கிலியாகக் கோத்த 51 அமினோ அமிலங்கள்: 21 கொண்ட ஏ சங்கிலி, 30 கொண்ட பி சங்கிலி. இந்த வரிசைதான் முதல்நிலை அமைப்பு. இதைக் கண்டறிந்த ஃபிரெடெரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃப்ரீசர் குளிரால் இந்த வரிசை அறுபடாது. அதை அறுப்பவை வயிற்றிலும் குடலிலும் உள்ள செரிமான நொதிகள். இன்சுலினை விழுங்காமல் ஊசியாகப் போடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் செல்லின் மேலிருக்கும் ஏற்பி பிடித்துக்கொள்வது மூலக்கூறின் வடிவத்தை. சங்கிலியின் சில பகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஆல்ஃபா சுருளாகச் சுருள்கின்றன. அது இரண்டாம் நிலை. அந்தச் சுருள்கள் மடிந்து, நீரை விரும்பாத பகுதிகளை உள்ளே ஒளித்து, மூன்று டைசல்பைடு பிணைப்புகளின் (கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள்) பிடியில் முப்பரிமாண உருவம் பெறுவது மூன்றாம் நிலை. பல மூலக்கூறுகள் ஒன்றுகூடுவது நான்காம் நிலை. அதுதான் உங்கள் பாட்டிலுக்குள் சுவாரஸ்யமானது. வழக்கமான இன்சுலின், துத்தநாகத்தைச் சுற்றி ஆறு ஆறு மூலக்கூறுகளாகக் கூடியிருக்கும். தோலுக்கடியில் போனதும் அந்தக் கூட்டம் கலைந்து தனித்தனியானால்தான் ரத்தத்தில் சட்டென்று சேரும். பி சங்கிலியில் 28, 29ஆம் இடங்களை மட்டும் மாற்றிப் போட்டு லிஸ்ப்ரோ என்ற வேக இன்சுலினைச் செய்தார்கள். அது சீக்கிரம் கலைந்துவிடும். வரிசையில் செய்த சிறு மாற்றம் நான்காம் நிலையில் தெரிகிறது. தேர்வில் கேட்டால் மகன் இதை எழுதலாம்!

உறையும்போது பனிப்படிகங்களுக்கு நடுவே புரதம் நெருக்கப்பட்டு, மடிப்பு குலைந்து, மூலக்கூறுகள் தாறுமாறாக ஒட்டிக்கொள்ளக்கூடும். உருகியதால் எல்லாம் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும் என்று நம்ப முடியாது. எவ்வளவு வீரியம் மிஞ்சியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. பாதி வேலை செய்யும் மருந்தை வைத்து எந்த அளவில் ஊசி போடுவீர்கள்?

வெயிலும் கடுமையாகக் குலுக்குவதும் வேறு விதமாகக் கெடுக்கும்: ஆல்ஃபா சுருள்கள் குலைந்து, பீட்டா தாள்களாக அடுக்கிய நார்கள் உருவாகும். அப்புறம் அது மருந்தாக வேலை செய்யாது. அதனால்தான் கலங்கலாகவே வரும் என்பிஹெச் வகையைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டச் சொல்கிறோம்.

திறக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், ஃப்ரீசர் தட்டை ஒட்டாமல் வையுங்கள். திறந்தது பெரும்பாலும் 28 நாள் வரை தாங்கும். பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பெட்டிக்குள் உள்ள தாளைப் பாருங்கள்.