முண்டு மிளகாய்க்காகப் பயிர் நோயியல் படிக்க நினைக்கும் தேவிபட்டினம் தம்பிக்கு

தம்பி, பி.எஸ்சி. வேளாண்மை முடிக்கப் போறீங்க, அப்பாவோட முண்டு மிளகாய் ரெண்டு வருஷமா அழுகுது, பயிர் நோயியல் படிக்க ஆசை, ஆனால் வீட்டில் உரக்கடை வேலைக்குப் போகச் சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. படியுங்கள், தயங்காதீர்கள். மதுரை வேளாண்மைக் கல்லூரியிலும் கோவையிலும் இந்தத் துறையில் முதுகலை இருக்கிறது, ரெண்டு வருஷம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) நுழைவுத் தேர்வையும் விடாதீங்க, நல்ல ரேங்க் வந்தால் உதவித்தொகையோடு படிக்கலாம், வீட்டுக்கும் பாரம் குறையும்.

அதுக்கு முன்னாடி அழுகின பழம் ஒன்றை உற்றுப் பாருங்கள். குழிந்த புள்ளிக்குள் வட்டம் வட்டமாகக் கறுப்புப் பொட்டு இருந்தால் பெரும்பாலும் கொலட்டோட்ரைக்கம் பூஞ்சைதான். புள்ளியின் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி, கிருமிநீக்கம் செய்து, உங்க கல்லூரி லேபிலேயே பூஞ்சைக்கு உணவாகும் உருளைக்கிழங்கு ஊடகத்தில் (லிட்டருக்குக் கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை 20 கிராம், உறைய வைக்கும் அகார் 20 கிராம்) வளர்க்கலாம். வளர்ந்ததை நல்ல பழத்தில் ஏற்றி, அதே நோய் வந்து, அதிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுக்கும் வரை இதுதான் காரணம்னு சொல்லக் கூடாது. அந்தக் காத்திருப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் சரி, பிஎச்.டி. வரைக்கும் போகலாம்.

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது, நம்ம ஊர்ப் பிள்ளையே அதைப் படிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. அப்புறம், அப்பா எடுத்து வைத்திருக்கும் விதையிலும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள், இந்தப் பூஞ்சை விதை வழியாகவும் வரும்.