இடப்பெயர்வு பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளால் கொள்கை ஏதும் மாறுமா?

கட்டாய இடப்பெயர்வு பற்றி ஆய்வு செய்யப் போவதாகவும், அதனால் அரசின் கொள்கை மாறுமா, இல்லை அறிக்கை அலுமாரியில்தான் கிடக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இறுதியாண்டு மாணவராக இருப்பீர்கள், தலைப்பைக் கொடு என்று மேற்பார்வையாளர் நெருக்குகிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மண்சரிவில் வீடிழந்தவர்களைப் பற்றி ஆய்வு செய்ய வந்த ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்குப் பன்னிரண்டு நாள் மொழிபெயர்த்துக் கொடுத்து, படிவம் நிரப்பினேன். அவ்வளவுதான் என் தகுதி.

கொள்கை மாறும், மாறியும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கரிபா அணைக்காக ஊரை விட்டுக் கிளப்பப்பட்ட மக்களை கோல்சன், ஸ்கடர் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் 1956இலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதினார்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் படித்த மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளர் உலக வங்கிக்குள் இருந்துகொண்டு, 1980இல் மீள்குடியேற்றத்துக்கென்று ஒரு கொள்கையைக் கொண்டுவரச் செய்தார். அந்தச் சிந்தனை சுற்றிச் சுற்றி 2001இல் நம் நாட்டுக்கும் வந்தது. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் உரித்து உள்ளவனுக்குத்தான் நட்டஈடு பேசும். 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியேற்றக் கொள்கையோ, கையில் காணிப் பத்திரம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய லயக் காம்பராவில் நாலு தலைமுறையாக இருந்தும் ஒரு துண்டுக் கடுதாசி இல்லாத எங்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அப்புறம் ஏன் எரிச்சல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி: 'இடம்பெயர முன் உங்களுக்குச் சொந்தக் காணி இருந்ததா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். முதல் நாள் முழுக்க 'இல்லை'யில் புள்ளடி போட்டுக்கொண்டே போனேன். இரண்டாம் நாள் ஒரு அம்மாயி, எழுத்து வாசிக்கத் தெரியாதவர், என் பேனா போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி எழுதுறீங்க?"

"காணி இல்லைன்னு, அம்மாயி."

"இல்லையா? லயத்துக்குப் பின்னுக்கு நாலு பாத்தி போஞ்சி, ஒரு மாட்டுப்பட்டி, எங்க வீட்டுக்காரர் வச்ச பலா மரம். அதெல்லாம் ஒங்கப்பன் வீட்டுக் காணியிலயா இருந்திச்சு?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவும் லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி கோவா போட்டுத்தான் எனக்குக் கொப்பி வாங்கினார். அதை நானே 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு எங்களோடு மலை ஏறியவர். ஆனால் படிவம் அங்கீகாரம் வாங்கிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். சரி என்று ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன்: பலா 1, பட்டி 1, போஞ்சி 4 பாத்தி. கணினியில் ஏற்றியவர்கள் கட்டத்தை மட்டும்தான் ஏற்றினார்கள். இல்லாத காணிக்கு யார் நட்டஈடு பேசப் போகிறார்கள்?

ஆய்வே வேண்டாம் என்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு விளங்காத நுணுக்கம் அவர்களுக்கு இருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். அந்த 2001 கொள்கை அணை, வீதி போன்ற அபிவிருத்தித் திட்டங்களுக்காகக் காணி எடுக்கும்போது மட்டும் பொருந்துவது. மலை சரிந்து போனவன் அதற்குள் வரமாட்டான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும், மண்சரிவு ஆபத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. (அது பல்கலைக்கழகம் இல்லைதான், ஆய்வு ஆய்வுதானே.) போ என்றால் எங்கே போவது? காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. தோட்டத்துக்குள் சொந்தமாக ஒரு கொட்டில் போடவே தோட்டத்துரையிடம் கேட்க வேண்டும். தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடம் காத்திருந்துதான் வீடு கண்டார்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சல், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் கொட்டிவிடுகிறேன். லயத்துக்கு வீட்டு இலக்கம், தெருப் பெயர் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது மனம் வைத்துக் கொடுத்தால் உண்டு. ஓர் அரச வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் என் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து ஒன்பது நாள். கேட்டதற்கு, "ஒங்க பேர்ல மூணு பேர் இருக்காங்களே" என்றார்கள். அந்த வேலை கிடைத்திருந்தால் இங்கே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவே, உங்கள் படிவம் இன்னும் அங்கீகாரத்துக்குப் போகவில்லை என்றால் 'காணி சொந்தமா' என்பதை எடுத்துவிட்டு, 'அங்கே என்ன வைத்திருந்தீர்கள், எத்தனை வருடமாக' என்று கேளுங்கள். ஓரத்தில் எழுதுவதையும் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். அறிக்கை முடிந்ததும் தமிழில் நாலு பக்கமாவது எழுதி, பேசியவர்களுக்குக் கொடுங்கள். அம்மாயி என்னை எங்கே கண்டாலும் "அந்தக் கடுதாசி வந்திச்சா தம்பி?" என்று கேட்பார். வந்தது ஆங்கிலத்தில்தான்.

தபாலில் மட்டும் அனுப்பாதீர்கள். யாரிடமாவது கையில் கொடுத்துவிடுங்கள்.