ஆமைக்கு இன்னும் பெரிய தொட்டி வாங்கலாமா?

கேள்வி: ஹெர்மன் வகைத் தரை ஆமை ஒன்று வளர்க்கிறோம். ஓடு 9 செ.மீ. நீளம் இருக்கும். 2 அடி கண்ணாடித் தொட்டியில், மேலே ஒரு சாதாரண பல்பு போட்டு வைத்திருக்கிறோம். நாள் முழுக்க ஒரே பக்கக் கண்ணாடியில் முட்டிக்கொண்டும் பிராண்டிக்கொண்டும் இருக்கிறது. இடம் போதவில்லையா? 3 அடித் தொட்டி வாங்கலாமா? தனியாக இருக்கிறதே என்று இன்னோர் ஆமை வாங்கும் யோசனையும் இருக்கிறது.

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 3 அடித் தொட்டி வாங்கினால் 3 அடி நீளத்துக்குப் பிராண்டும், அவ்வளவுதான். கண்ணாடி என்பது ஆமைக்குப் புரிவதில்லை. எதிரே வழி தெரிகிறது, போனால் முகம் இடிக்கிறது. அதனால் திரும்பத் திரும்ப முயல்கிறது. இன்றைக்கே தொட்டியின் வெளிப்புறம் நாலு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்கு அட்டை ஒட்டிவிடுங்கள். பெரும்பாலும் அந்தப் பிராண்டல் குறையும். ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான்.

இடம் போதவில்லை என்று நீங்கள் நினைப்பது சரி. ஆனால் சிக்கல் அதோடு நிற்கவில்லை. ஆமைக்குத் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெயிலுக்கு நடந்து போய்ச் சூடேற்றிக்கொள்ளும், போதும் என்றால் நிழலுக்கு நகரும். 2 அடித் தொட்டிக்கு மேலே ஒரு பல்பு எரிந்தால் உள்ளே எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே சூடுதான். அதற்கு நீளமான, மேலே திறந்த மரப்பெட்டிதான் தீர்வு. இப்போதைக்கு 4 அடிக்கு 2 அடி போதும். வளர்ந்த ஹெர்மன் ஆமைக்கு 8 அடிக்கு 4 அடி என்று கணக்கு வையுங்கள். 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பிராணி, அந்த இடம் வீண்போகாது. பழைய புத்தக அலமாரியின் தட்டுகளைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுக்கவைத்தாலும் நல்ல பெட்டிதான். பக்கங்கள் 30 செ.மீ. உயரம் இருக்கட்டும், ஈரத்தில் மரம் ஊதாமல் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் விரியுங்கள். மூலைகளைக் கவனியுங்கள். இரண்டு சுவர் சேரும் இடத்தில்தான் ஆமை கால் ஊன்றி ஏறப் பார்க்கும். அங்கே மேலே குறுக்காக ஒரு பலகைத் துண்டு அடித்துவிட்டால் கவலையில்லை.

பெட்டியின் ஒரு முனையில் மட்டும் சூட்டு விளக்கு. அதன் நேர் கீழே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், எதிர் முனையில் 20 முதல் 24 டிகிரி. சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள். அது சுவரின் சூட்டைச் சொல்லும். ஒயர் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் மானி வாங்கி, அந்த முனையை ஆமையின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கைக் கிளிப்பில் மட்டும் மாட்டாமல் சங்கிலியிலும் கட்டுங்கள். கிளிப் நழுவி விளக்கு மண்ணில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

சாதாரண பல்பு சூடு தரும், புற ஊதா-பி கதிர் தராது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் டி3 வைட்டமின் உண்டாகும். அது இல்லாமல் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. ஓடு மெத்தென்று ஆவதும் கால்கள் வளைவதும் இதனால்தான். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது, ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புற ஊதா டியூப்லைட்டைச் சூட்டு விளக்கை ஒட்டி, நேர் மேலிருந்து விழும்படி மாட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து அடித்தால் கண்ணைப் பாதிக்கும். உயரம் எவ்வளவு என்பதை டியூப்பின் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் குறைந்துகொண்டே வரும், எனவே அதில் சொல்லியிருக்கும் காலக்கெடுப்படி மாற்றுங்கள். பகலில் 12 மணி நேரம், இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். ஒரு டைமர் போட்டால் மறதிக்கு இடமில்லை.

தரைக்கு உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்டமண்ணுடன் தேங்காய்நார்த் தூளைக் கலந்து 10 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். வெறும் மணல் வேண்டாம், தீனியோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மேல்மண் காய்ந்தும் அடிமண் ஈரமாகவும் இருப்பதுதான் நல்லது. ஓட்டில் மேடு மேடாக எழும்புவதற்குப் புரதம் அதிகமுள்ள தீனியே காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். ஆப்பிரிக்க சல்காட்டா ஆமைக்குட்டிகளை வைத்து நடந்த, 2003இல் வெளியான ஓர் ஆய்வில் வறண்ட காற்றுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. உங்களுடையது குட்டி என்பதால் குளிர்ந்த முனையில் ஈரமண் போட்ட ஒரு மறைவிடம் கட்டாயம் வேண்டும். பூந்தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் வெட்டினால் கூடப் போதும். தண்ணீர்த் தட்டை மண்மட்டத்துக்குப் புதைத்து, ஆமையின் தாடை உயரத்துக்கு மட்டும் நீர் விடுங்கள். அதிலேயே அசிங்கம் செய்யும், தினமும் மாற்றத்தான் வேண்டும்.

கற்களும் மரத்துண்டும் போடலாம், ஆனால் சூட்டு விளக்குக்கு நேர் கீழே ஏறி விழும்படியான மேடு எதுவும் வேண்டாம். அங்கே மல்லாந்து கிடந்து புரள முடியாமல் போனால் வெந்தே செத்துவிடும்.

வெளியே இடம் இருந்தால், வெதுவெதுப்பான பகல்களில் அங்கேயே விடுங்கள். எந்த விளக்கும் சூரியனுக்கு ஈடாகாது. ஊடுருவிப் பார்க்க முடியாத தடுப்பு 30 செ.மீ. மேலேயும், தோண்டித் தப்பாமல் இருக்க 15 செ.மீ. மண்ணுக்குள்ளேயும் இருக்கட்டும். காக்கை, எலி, நாய் மூன்றுக்கும் சேர்த்துக் கம்பிவலை மூடி போடுங்கள். பாதி இடத்தில் நிழல் வேண்டும், அரளி மாதிரி நச்சுச் செடி எதுவும் அருகே கூடாது. கண்ணாடித் தொட்டியை அப்படியே தூக்கி வெயிலில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சில நிமிடங்களில் உள்ளே அடுப்பாகிவிடும்.

இன்னோர் ஆமை? வேண்டாம். தரை ஆமை தனியாக வாழப் பழகிய பிராணி, அதற்குத் துணை தேவையில்லை. அதிலும் இரண்டே இரண்டு சேர்வது மோசம். ஒன்று மற்றொன்றை விரட்டும், மேலேறும், காலைக் கடிக்கும். சண்டை கண்ணில் படாவிட்டாலும் ஒன்று ஒதுங்கித் தீனியைக் குறைத்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று நினைக்காதீர்கள். நல்ல இடத்துக்கு நடக்கும் போட்டி அது.

புதுப் பெட்டிக்கு மாற்றியதும் சில நாள் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வரும், சரியாகத் தின்னாது. பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் முதலில் இரண்டு முனைகளின் சூட்டையும் அளந்து பாருங்கள். அதற்கிடையே மூக்கு ஒழுகினாலோ, கண் வீங்கினாலோ, ஓட்டை அழுத்தினால் அமுங்கினாலோ காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது நீங்கள் அளந்த சூட்டுக் கணக்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மருத்துவர் முதலில் கேட்பதே அதைத்தான்.